மாமனை வழியனுப்பிய பாட்டு

என் மாமன் பட்டாளத்திலிருந்து திரும்பி வந்தபோது கொண்டுவந்தது ஒரு காக்கிக் கோட்டும் ஒரு பாட்டும்தான். கோட்டில் ஒரு பொத்தான்கூட இல்லை. கற்றாழை நாரைத் திரித்து இரண்டு இடத்தில் முடிச்சுப் போட்டிருந்தார். பாட்டு மட்டும் குறையில்லாமல் முழுசாக இருந்தது.

அப்போது எனக்கு ஒன்பது வயதிருக்கும். எங்களுடையது கொல்லிமலையில் தேவனூர் நாடு என்ற ஊர்க்கூட்டத்தில் இருபது வீடுகள் கொண்ட ஊர். சில வருஷங்களுக்கு முன் காளப்பநாயக்கன்பட்டிச் சந்தைக்கு மிளகு மூட்டையோடு இறங்கிய மாமன், சந்தையில் பட்டாளத்துக்கு ஆள் எடுத்தவனோடு பேசிக்கொண்டே ரயிலேறிப் போய்விட்டார். மிளகு மூட்டை மட்டும் பக்கத்து ஊர்க்காரர் தலையில் வீடு வந்து சேர்ந்தது. என் அம்மாவுக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருவர்தான். அப்போது நடந்துகொண்டிருந்த போர் முடியும்வரை அம்மா அந்தச் சந்தை நாளை வைதுகொண்டே இருந்தாள்.

திரும்பி வந்தவரைச் சுற்றி ஊரே உட்கார்ந்து கதை கேட்டது. மாமன் பெரிதாக அளக்கவில்லை. பெங்களூருக்கு அப்பால் ஏதோ ஒரு பாளையத்தில் இருந்ததாகச் சொன்னார். சண்டை நடந்த இடத்துக்கே போகவில்லையாம். எப்படி அனுப்பி வைத்தார்கள் என்று கேட்டபோதுதான் கொஞ்சம் விரிவாகச் சொன்னார்.

"மைதானத்துல எல்லாரையும் ரெண்டு வரிசையா நிக்க வெச்சாங்க. நடுவுல என்னைய மட்டும் நடக்க விட்டாங்க. பின்னாடியே மேளமும் குழலும் வாசிச்சுக்கிட்டு வந்து, கேட்டுக்கு வெளிய கொண்டாந்து உட்டுட்டுப் போனாங்க."

ஊருக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் மலையில் கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அப்படி ஒரு மரியாதை கிடையாது. அம்மாவுக்கு மட்டும் ஒரு குறை இருந்தது.

"பொத்தானெல்லாம் எங்கடா?"

"வர்றப்ப அவங்களே வாங்கிக்கிட்டாங்கக்கா. அது அங்கத்த வழக்கம்."

அவர் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை என்பதை இன்றுவரை நினைத்து வியக்கிறேன்.

மாமன் ஊருக்குள் தங்கவில்லை. எங்கள் சாமைக் காடுகள் இரண்டு. ஊரை ஒட்டிக் கீழ்க்காடு, சரிவில் ஏறினால் மேல்காடு. மேல்காட்டில் ஒரு பரண் கட்டி, அதன் அடியில் குடிசை போட்டு, காவலுக்கு இருந்துகொண்டார். காட்டு மூங்கிலில் ஆறு துளை போட்டுக் குழல் ஒன்று செய்தார். சாமை கதிர் வாங்கியதும் கிளிக்கூட்டம் வரும். கவண்கல்லுக்கு ஒதுங்கி, அடுத்த வயலில் உட்கார்ந்து, மறுபடி வரும். மாமன் பரணில் நின்று தன் பட்டாளத்துப் பாட்டை ஊதுவார். கிளிகள் எழும்பிப் பள்ளத்தைத் தாண்டிப் போய்விடும். அவ்வளவு கூர்மையான குழல். பன்றிக்கும் அதே பாட்டு, குரங்குக்கும் அதே பாட்டு. அவருக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

பாட்டில் சோகம் என்பது மருந்துக்கும் இல்லை. நொண்டியாட்டம் ஆடும் பிள்ளையைப்போல இரண்டு எட்டுத் துள்ளி, ஒரு எட்டு நின்று, மறுபடியும் துள்ளிக்கொண்டு போகும். கேட்டால் யாருக்கும் கால் அரிக்கும். எனக்கு அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. மாமன் சோறு தின்ன இறங்கும் நேரத்தில் குழலை எடுத்து ஊதி ஊதி நானே பிடித்துக்கொண்டேன். பிறகு எனக்கென்று மூங்கிலில் ஒரு குழலும் செய்துகொண்டேன். அடக்கமாகச் சொல்ல எனக்கு வராது. அந்த நாட்டிலேயே அந்தப் பாட்டை மாமனுக்கு அடுத்து ஊதத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். என் இரண்டு சித்தப்பாக்களும் ஊர் மேளத்தில் அதற்குத் தாளம் போடப் பழகிவிட்டார்கள். அறுவடை முடிந்து மூட்டை இறக்கும்போது அந்தப் பாட்டைத்தான் வாசித்துக்கொண்டு வருவோம்.

அடுத்த வருஷம் காட்டிலாகாவின் துரை ஒருவர் எங்கள் ஊருக்கு வரப்போவதாகச் சொல்லிவிட்டுப் போனார்கள். சர்க்கார் காடு எதுவரை, ஊரார் காடு எதுவரை என்று கல் நட வருகிறாராம். மேல்காட்டுக்கு மேலே கல் நட்டால் பிழைத்தோம். கீழே நட்டால் ஊர் தின்னும் சாமையில் பாதி போய்விடும். அரச மரத்தடியில் ஊர் கூடியது. என் பெரியப்பாதான் அப்போது ஊருக்குத் தலைவரான ஊர்க்கவுண்டர். துரையின் மனம் குளிரும்படி வரவேற்றால் கல் நகரும் என்பது அவருடைய கணக்கு. தேனும் பலாவும் எல்லா ஊரிலும் கொடுப்பார்கள். நம்மிடம் மட்டும்தான் துரையின் ஊர்ப் பாட்டு இருக்கிறது என்றார்.

மாமன் கூடாது என்று தலையை ஆட்டினார். "அது வரவேற்கற பாட்டு இல்லீங்க மச்சான். அனுப்பி வெக்கற பாட்டுங்க."

"இங்கிலீசுப் பாட்டுத்தானே?"

"ஆமாங்க."

"தொரையும் இங்கிலீசுக்காரருதானே? அப்புறமென்ன? வந்தா என்ன, போனா என்ன, பாட்டு ஒண்ணுதான். நீ ஊதற."

"என்னால ஆகாதுங்க" என்றார் மாமன். ஊர்க்கவுண்டர் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொன்னதை நான் அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. பட்டாளத்துக்குப் போய் வந்த திமிர் என்றார் ஒருவர்.

நான் எழுந்து நின்றேன். "நான் ஊதறேன் பெரியப்பா."

பெரியப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "ஊதிருவியா கண்ணு?"

"ஊதிருவேன்."

மாமன் என்னைப் பார்த்தார். வெட்டுக்கத்தியை இடுப்பில் செருகிக்கொண்டு மேல்காட்டுக்கு ஏறிப் போய்விட்டார். அவருக்குப் பொறாமை என்று நினைத்துக்கொண்டேன்.

துரை வந்த அன்று வெயில் ஏறுமுன்பே என்னைக் குளிப்பாட்டி, தலை வாரி, ஊர் முகப்பில் பலா மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள். இருபுறமும் மேளத்தோடு சித்தப்பாக்கள். காளப்பநாயக்கன்பட்டிப் பாதையில் முதலில் நிலம் அளக்கும் சங்கிலிக்காரர்கள் வந்தார்கள். பிறகு கூடாரம் சுமந்த ஆட்கள். பிறகு தலைப்பாகை கட்டிய ரேஞ்சர். அவருக்குப் பின்னால் நெட்டையாக, மூக்கு தோலுரிந்து சிவந்த ஒரு துரை. டோலியில் ஏறாமல் நடந்தே வந்திருந்தார். பெரியப்பா கையை அசைத்தார். நான் ஊதினேன்.

பாதையில் கிடந்த கல்லின்மேல் ஒரு காலை வைத்த துரை மறுகாலை எடுக்கவில்லை. அப்படியே நின்றுவிட்டார். முகத்தில் மூக்கு மட்டும் சிவப்பாக இருந்தது போய், கழுத்துவரை சிவந்தது. ரேஞ்சருக்கு அந்தப் பாட்டு தெரியாது. துரை மெய்மறந்து நிற்கிறார் என்று அவர் பெரியப்பாவைப் பார்த்துப் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. ஒருமுறை முடிந்ததும் இரண்டாம் முறையும் எடுத்து, கிளிக்கு ஊதுவதைவிட வேகமாக ஊதினேன்.

துரை பெரியப்பா கையிலிருந்த மாலையைப் பார்த்தார், தேன் குடுக்கையைப் பார்த்தார், இளித்துக்கொண்டு நின்ற ஊரைப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறியது. என் அருகில் வந்து குனிந்து, தத்தித் தத்தித் தமிழில் கேட்டார்.

"இது... யார் சொல்லிக் குடுத்தது?"

"நானே புடிச்சுக்கிட்டது! எங்க மாமன் ஊதறதைக் கேட்டு. அவரு பட்டாளத்துல இருந்தாருங்க. அவரு வர்றப்ப பட்டாளமே வரிசையா நின்னு, இந்தப் பாட்டை வாசிச்சுத்தான் கேட்டு வரைக்கும் அனுப்பி வெச்சாங்க! பொத்தானெல்லாம் வாங்கிக்கிட்டாங்க!"

இதற்குமேல் கதையைச் சொல்லுமுன், நான் பின்னாளில் அறிந்துகொண்டதைச் சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மேலே போனால், அன்று நான் சிரித்தது போலவே நீங்களும் சிரித்துவிடுவீர்கள்.

என் மகனுக்குச் சேலத்தில் வேலை கிடைத்தபோது நானும் அவனோடு இறங்கினேன். நாற்பது வயதுக்குமேல் பேத்தியின் புத்தகத்தில் எழுத்துக் கற்றதும் அங்கேதான். ஒருநாள் கேழ்வரகு புடைத்தபடி அந்தப் பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். பக்கத்து வீட்டில் ஒரு கிழவர் இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் பட்டாளத்து பேண்டில் மேளம் அடித்தவர். வேலிக்கு அந்தப்புறம் வந்து நின்றார்.

"ஏனுங்கம்மா, அந்தப் பாட்டை எங்க புடிச்சீங்க?"

சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே விவரம் சொன்னார். இங்கிலீஷ்காரர்களிடம் அந்தப் பாட்டு இருநூறு வருஷத்துக்கு மேலாக இருக்கிறதாம். யார் கட்டியது என்று யாருக்கும் தெரியாதாம். தப்புச் செய்து அகப்பட்ட சிப்பாயைப் பட்டாளத்தை விட்டுத் துரத்தும்போது மட்டும் வாசிப்பது. எல்லோர் முன்பும் அவன் கோட்டிலிருந்து பொத்தான்களை அறுப்பார்கள். சில இடத்தில் கழுத்தில் கயிறும் போடுவார்களாம். வரிசையின் நடுவே நடக்கவிட்டு, பின்னால் குழலும் மேளமும் வாசித்துக்கொண்டு வாசல்வரை போவார்கள். அங்கே மேளக்காரர்களில் ஆகச் சின்னப் பையன் அவன் முதுகுக்குக் கீழே ஒரு உதை கொடுத்து வெளியே தள்ளுவான். அதோடு அவன் கதை முடிந்தது.

"துள்ளலாத்தானே இருக்குது பாட்டு? அழுகைப் பாட்டா இருந்தாக்கூடத் தாங்கிக்கலாமுங்க. எல்லாரும் சிரிக்கணும்னுதான் அப்படிக் கட்டியிருக்குது" என்றார். "எங்க பேண்டுல அதைப் பழகறதுக்குக்கூட யாரும் எடுக்க மாட்டோம். ஒருத்தன் தலையெழுத்து அது."

அடுத்த அறுவடைக்கு மலைக்குப் போனபோது மாமனிடம் நேராகவே கேட்டேன். தலை நரைத்திருந்தது, சிரிப்பு அப்படியே இருந்தது. மறைக்காமல் சொன்னார். துரை அன்று அவரிடம் என்ன கேட்டார் என்பதையும் அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இனி பலா மரத்தடிக்கு வருகிறேன். நான் சொன்னதைக் கேட்ட துரை மாமனை அழைத்துவரச் சொன்னார். ஓர் ஆள் போய் மேல்காட்டிலிருந்து அவரைக் கூட்டிவந்தார். மாமன் வெட்டுக்கத்தியைக் கீழே வைத்துவிட்டு, குதிகால்களைச் சேர்த்து விறைத்து நின்றார். அதுவரை தமிழில் பேசிக்கொண்டிருந்த துரை, அவரைக் கண்டதும் இந்துஸ்தானியில் பேச ஆரம்பித்தார். பாவம், கற்றுக்கொண்ட தமிழ் அவ்வளவுதான் போலிருக்கிறது என்று நான் நினைத்தேன். ஊரில் மாமனைத் தவிர யாருக்கும் இந்துஸ்தானி தெரியாது என்பதை அவர் யோசித்திருப்பார் என்று அன்று எனக்குத் தோன்றவில்லை. ரேஞ்சரையும் சாமான்களைப் பார்க்கச் சொல்லித் தள்ளி அனுப்பிவிட்டார்.

"என்ன செய்தாய்?" என்பது துரையின் முதல் கேள்வி.

"திருடினேன்."

"எதை?"

"ஒரு குழலை. பேண்டுக்காரர்களுடையது. ஊதிப் பார்க்க ஆசை. கேட்டேன், கொடுக்கவில்லை."

அடுத்து துரை, "இந்தப் பாட்டை எத்தனை முறை கேட்டிருக்கிறாய்?" என்றாராம்.

"ஒரே முறை. மைதானத்திலிருந்து வாசல்வரை. குழலைப் பிடுங்கிக்கொண்டார்கள். பாட்டை எப்படிப் பிடுங்குவது என்று அவர்களுக்குத் தெரியவில்லை."

இவர்களுக்கு இது தெரியுமா என்று துரை கேட்டிருக்கிறார். தெரியாது என்றிருக்கிறார் மாமன்.

அதன் பிறகு துரை எங்கள் பக்கம் திரும்பி, எல்லோருக்கும் கேட்கும்படி தமிழில் சொன்னார். "இது ரொம்பப் பழைய பாட்டு. எங்கள் தேசத்துப் பாட்டு. குழந்தை நன்றாக வாசித்தது."

ஊர் ஆரவாரம் செய்தது. பெரியப்பா மாமனின் முதுகில் தட்டி, "நாஞ் சொல்லலை?" என்றார். மாமன் கத்தியை எடுத்துக்கொண்டு சரிவில் ஏறினார். துரைக்குத் தேன் எடுத்துக்கொண்டு போனது நான்தான். அன்று முழுவதும் என் கால் தரையில் பாவவில்லை.

மூன்று நாள் சங்கிலி பிடித்தார்கள். கூடாரத்துக்குப் பால் கொண்டுபோகும் வேலையை நான் வேறு யாருக்கும் விடவில்லை. துரை ஒவ்வொரு முறையும் என்னிடம் ஏதோ கேட்க நினைத்து, "நல்ல பால்" என்று மட்டும் சொல்லி அனுப்பினார். கல் மேலேதான் போகும் என்று பெரியப்பா ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். நானும் என் பங்குக்குத் தோழிகளிடம், கல்லை நகர்த்தியது என் குழல்தான் என்று சொல்லிவைத்தேன்.

மூன்றாம் நாள் கல் நட்டார்கள். மேல்காட்டுக்குக் கீழே நட்டார்கள். பரண், குடிசை, விளைந்து நின்ற சாமை எல்லாம் கல்லுக்கு அந்தப்புறம் போய்விட்டன.

பெரியப்பா தலைத்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கூடாரத்துக்கு ஓடினார். ஊரும் பின்னால் ஓடியது. துரை பெட்டியைத் திறந்து ஒரு வரைபடத்தை விரித்தார். அதில் கோடு ஏற்கெனவே போட்டிருந்தது.

"மெட்ராசில் போட்டது. நான் மாற்ற முடியாது. நிற்கும் பயிரை அறுத்துக்கொள்ளலாம். அதன் பிறகு யாரும் கல்லைத் தாண்டக்கூடாது."

"எங்க பாட்டன் வெட்டுன காடுங்க சாமி" என்றார் பெரியப்பா.

துரை வரைபடத்தை மடித்தார். மடிக்க வெகுநேரம் ஆனது. என் அம்மா அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள். மாமன் கூட்டத்துக்குப் பின்னால் நின்றிருந்தார்.

மறுநாள் காலையில் கூடாரத்தைப் பிரித்தார்கள். வந்தவரை வெறுமனே அனுப்பக்கூடாது என்று பெரியப்பா எல்லோரையும் பலா மரத்தடிக்கு வரச்சொல்லியிருந்தார். வந்தார்களே தவிர யாரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சித்தப்பாக்கள் மேளத்தைக் கொண்டுவரவே இல்லை. எனக்கும் முதல்முறையாக ஊத மனம் வரவில்லை. என் குழல் ஏன் வேலை செய்யவில்லை என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

அப்போது மாமன் வந்தார். காக்கிக் கோட்டைப் போட்டு, நார் முடிச்சுகளை இறுக்கிக் கட்டியிருந்தார். கையில் குழல். நேராகப் பெரியப்பாவிடம் போனார்.

"இப்ப வாசிக்கலாமுங்க மச்சான். இதுக்குத்தான் இந்தப் பாட்டு."

பெரியப்பா அவரை வெறித்துப் பார்த்தார். அன்று மாட்டேன் என்றவன், ஊர் அழும்போது ஊத வருகிறானே என்று நினைத்திருக்க வேண்டும். ஆனாலும் சித்தப்பாக்களுக்குக் கண்ணைக் காட்டினார். அவர்கள் போய் மேளத்தை எடுத்து வந்தார்கள்.

துரை நடக்க ஆரம்பித்ததும் மாமன் அவருக்குப் பத்தடி பின்னால் சேர்ந்துகொண்டு ஊதினார். அப்படி அவர் ஊதி நான் கேட்டதே இல்லை. பரணில் ஊதும்போது கொஞ்சம் விளையாட்டு இருக்கும். அன்று ஒவ்வொரு சுரமும் இடம் தவறாமல், கல்லில் கல் வைத்ததுபோல வந்தது. எனக்கும் சோர்வு பறந்துவிட்டது. ஓடிப்போய் அவர் பக்கத்தில் சேர்ந்து நானும் ஊதினேன். மேளம் பின்னால் அதிர்ந்தது. ஊர்ப் பிள்ளைகளெல்லாம் காலைத் தட்டிக்கொண்டு வந்தார்கள். இருபுறமும் பெரியவர்கள் வரிசையாக நின்றார்கள். நடுவே துரை நடந்தார்.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. கழுத்து மட்டும் சிவந்திருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் ரேஞ்சர் பாட்டை நிறுத்தியிருப்பார். மாமனை விலங்கிட்டுக்கூடக் கொண்டுபோயிருக்கலாம். துரை அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. ரேஞ்சரோ மேளத்துக்கு ஏற்றபடி தலையாட்டிக்கொண்டு போனார். பாதை சரிவில் இறங்கும் இடம்வரை கொண்டுபோய் விட்டோம். வாசித்தவர்களில் ஆகச் சின்னவள் நான்தான். அந்த வழக்கத்தின் கடைசிப் பகுதி எனக்கு அப்போது தெரியாமல் போனது எல்லோருக்கும் நல்லதாயிற்று. தெரிந்திருந்தால், என் சுபாவத்துக்கு, செய்யாமல் விட்டிருக்க மாட்டேன்.

துரையின் தொப்பி மூங்கில் புதருக்குள் மறைந்த பிறகும் மாமன் ஒருமுறை முழுசாக ஊதி முடித்தார். பிறகு குழலைத் துடைத்துக் கோட்டுக்குள் வைத்துக்கொண்டார். அவர் முகம் வேர்த்திருந்தது. கல் நட்ட நாளிலிருந்து ஊரில் தெளிந்த முகம் அது ஒன்றுதான். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பி நடந்தேன்.

"தொரை சந்தோசமாப் போனாருங்களா மாமா?"

"நல்லபடியா அனுப்பி வெச்சோம் கண்ணு. கொறையே இல்லை."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "அடுத்து ஒரு தொரை வந்தா, வரவேற்கற பாட்டே வாசிச்சரலாமுங்க. அது எப்படிங்க மாமா இருக்கும்? ஊதிக் காட்டுங்க."

மாமன் நின்றார். "அது எனக்குத் தெரியாது கண்ணு. அதை எனக்கு யாரும் வாசிக்கலை."

அந்தப் பட்டாளத்துக்காரர்களின் மறதியை நினைத்து எனக்கு மாமன்மேல் இரக்கமாக இருந்தது. "உடுங்க மாமா. மறுபடியும் ஒருக்கா போவீங்கல்ல, அப்ப வாசிப்பாங்க" என்று அவரைத் தேற்றினேன். வெறும் ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உறுதியாக நம்பித்தான் சொன்னேன். போகும்போதே அவ்வளவு சிறப்பாக அனுப்பி வைத்தவர்கள், திரும்பி வருகிறார் என்று தெரிந்தால் என்னதான் செய்ய மாட்டார்கள்!